டிகிரி கம்மி

எங்கள் கல்லூரியில் அவர் இருந்த நான்கு வருடங்களில் ஒரு உயிரைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. தவளை, புழு, இலை, எதையும். இத்தனைக்கும் அவர் விலங்கியல் துறைக்காரர். அவருடைய விலங்குகள் எல்லாம் கணினித் திரையில் புள்ளிகளாக இருந்தன. புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஓடின. ஒரு புள்ளியைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் மற்றவை ரப்பர் மாதிரி அதன் பின்னால் வரும். அதைப் பார்த்து அவர் சிரிக்கும்போது, தன் குழந்தை தவழ்வதைப் பார்க்கிற முகமாக இருக்கும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக முளைத்த வீடுகளுக்கு அப்பால் இருந்தது எங்கள் தனியார் கல்லூரி. நான் அங்கே பூச்சியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் திருவண்ணாமலை ஊர்க்காரர்தான், தேரடி பக்கம் வீடு. வெளிநாட்டில் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு நாற்பது வயதில் திரும்பி வந்தவர். வந்த மாதமே நிர்வாகம் அவருக்கென்று ஒரு மையம் திறந்து, மாடியில் தனி அறையும் பத்து கணினியும் கொடுத்தது. அந்த அறையில் அதுவரை என் பூச்சிப் பெட்டிகள் இருந்தன. அவற்றைப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். என் வெறுப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

திட்டுவதற்கு முன்னால் அவருடைய படிப்பைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி, அவர் பாஷையில் 'நோட்', என்று வைத்துக்கொண்டு, சேர்ந்து வேலை செய்கிற இரண்டுக்கு நடுவே ஒரு கோடு போட்டால், பெரிய வலை ஒன்று கிடைக்கும். அதில் முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு ஒன்றோ இரண்டோ கோடுதான். ஒரு சில புள்ளிகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றை 'ஹப்' என்பார்கள். சின்னப் புள்ளிகளில் நாலைந்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் உயிரணு பிழைத்துக்கொள்ளும். பெரிய புள்ளி ஒன்றை எடுத்தால் செத்துவிட வாய்ப்பு ஜாஸ்தி. இதே கணக்கை மூளைக்கும் போடலாம், காட்டுக்கும் போடலாம், ஏரிக்கும் போடலாம். ஒரு புள்ளிக்கு எத்தனை கோடு இருக்கிறதோ அதற்குத்தான் 'டிகிரி' என்று பெயர். நல்ல கணக்கு. அதன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. என் கோபமெல்லாம் அதை மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு கழற்றாமலே அலைந்த ஆளின் மேல்தான்.

எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் எண்ணுவார். யாரோடு யார் பேசுகிறார்கள், யாரிடம் ஜாஸ்தி பேர் போகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு அந்த ஜாஸ்தி ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். எங்கள் நூலகர் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மண்டபத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம் நிமிடத்துக்கு ஒருவராக வந்து குனிந்து ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் போய் அரைமணி நேரம் பக்கத்தில் நின்று, தன் மையத்தைப் பற்றிப் பேசி, விசிட்டிங் கார்டும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சமையல் மேஸ்திரி. வந்தவர்கள் எல்லாம் அடுத்த பந்தி எப்போது என்று கேட்க வந்தவர்கள். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"ஹப் ஹப்தான் மேடம். அவர் இல்லைன்னா இந்தக் கல்யாணம் நடக்குமா சொல்லுங்க" என்றார்.

ஒரு நாள் துறைக் கூட்டத்தில், எங்கள் எல்லோரையுமே ஒரு வலையாக வரைந்து திரையில் போட்டார். இரண்டு மாதம் யார் யாருக்கு மெயில் அனுப்பினோம் என்பதை வைத்து வரைந்த படம். முதல்வர் நடுவில் பலாப்பழம் மாதிரி இருந்தார். இவரும் பக்கத்திலேயே பெரிதாக இருந்தார். ஓரத்தில், ஒரே ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டு ஒரு சின்னப் புள்ளி. அது ஆய்வக உதவியாளர் அலமேலு. அந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவை லீவுக்கு எனக்கு மெயில் போட்டிருந்தாள். அதுவும் அவள் மகன் போட்டுக் கொடுத்தது.

"இவங்களுக்கு டிகிரி கம்மி" என்றார் அவர்.

அலமேலு அப்போது டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு டிகிரியே கெடையாது சார். நான் எட்டாவது" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. "இல்லம்மா, உங்களுக்கு ஒண்ணு இருக்குது" என்று திரையில் அந்தக் கோட்டைக் காட்டினார்.

அந்தப் படத்தை நம்பி நிர்வாகம் அலமேலுவை ஹாஸ்டல் வேலைக்கு மாற்றியது. மூன்று வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை கரண்ட் போய் வந்தது. அப்படிப் போய் வந்தால் எங்கள் பழைய ஃப்ரீசர் தானாக ஓடாது, பின்னால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விடுமுறையிலும் வந்து அதை அழுத்திவிட்டுப் போனவள் அலமேலு என்பது எங்களுக்குத் திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில்தான் தெரிந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் இரண்டு வருட மாதிரிகள் கூழாகியிருந்தன. அவள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஃப்ரீசரை எட்டிப் பார்த்தார். "அது டேட்டாவுல வரல மேடம்" என்றார்.

வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்காக இல்லை, டேட்டாவுக்காக. நான் முதல்வரிடம் சண்டை போட்டு அலமேலுவைத் திரும்ப வரவழைத்தேன். அவர் அதற்கு ஒரு எதிர்ப்பும் சொல்லவில்லை. புதிய படத்தில் அவளுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

பூச்சி என்றால் அவருக்குப் பயம் என்பதை மழைக்காலத்தில் கண்டுபிடித்தோம். ஜன்னல் வழியாக ஒரு வெட்டுக்கிளி வந்து அவர் லேப்டாப் மேல் உட்கார்ந்தது. மனிதர் வராந்தாவுக்கு ஓடிவிட்டார். நான் போய் அதைப் பிடித்து வெளியே விட்டேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "போயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "என்ன ஸ்பீசிஸ்?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்தான் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை வயல்களுக்கு வந்தார்.

அந்தப் பக்கத்தில் கடலையைச் சுருள்பூச்சி பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. சின்னப் புழு. இலையை மடித்து உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். மழை இல்லாத நாட்களில் பெருகும். பெருகினால் வயல் தீப்பிடித்து அணைந்த மாதிரி ஆகிவிடும். இந்த வயல்களில் உள்ள செடி, பூச்சி, பறவை, எல்லாவற்றையும் வலையாக வரைந்து, எந்தப் புள்ளியை எடுத்தால் சுருள்பூச்சி விழும் என்று கண்டுபிடிப்பதாக அவர் ஒரு திட்டம் எழுதினார். திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். அது நான். சோதனை செய்து பார்க்க நிலம் வேண்டும். அதற்கும் நான்தான் வழி சொன்னேன். என் தாய்மாமாவுக்குக் கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. நான் கேட்டதும் மாமா மறுபேச்சு பேசவில்லை. "பாப்பா படிச்ச படிப்பு நம்ம நெலத்துக்கு ஆவட்டும்" என்றார்.

பத்து மாதம், மாதத்துக்கு இரண்டு முறை போனேன். அங்கிருந்த வயல்கள் முழுக்க நடந்து, எந்தப் பூச்சி எந்தச் செடியில் உட்கார்ந்தது, எதை எது தின்றது என்று படிவத்தில் எழுதினேன். அவர் ஒரு முறை வந்தார். கார் கண்ணாடியை இறக்காமலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். படிவத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. இனத்தின் அறிவியல் பெயர் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது. கட்டம் காலியாக இருந்தால் கணினி அந்த வரியையே தள்ளிவிடும்.

"பேர் இல்லாதது நோடே இல்ல மேடம்" என்பார்.

ஆடி மாதம் அவர் படம் தயாரானது. நடுவில் கடலை. அதைச் சுற்றி மற்றவை. வரப்பில் இருந்த காட்டு அவுரிச் செடியிலிருந்து சுருள்பூச்சிக்கு ஒரு கோடு. கடலை இல்லாத காலத்தில் பூச்சி அதில் தங்கிப் பிழைக்கிறது. அது உண்மைதான். அதே வரப்பில் மண்டிக்கிடந்த மூக்குத்திப்பூச் செடிக்கும் ஒரே ஒரு கோடு, ஏதோ ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு. வரப்பைச் சுத்தமாக மொட்டையடித்துவிட்டால் அவுரி போகும், சுருள்பூச்சிக்கு வீடு போகும், மூக்குத்திப்பூ போவதால் யாருக்கும் நஷ்டமில்லை. இதுதான் அவர் முடிவு.

ஆவணி முதல் வாரம் கல்லூரி வண்டியில் பேனர், போட்டோகிராபர், களைக்கொல்லி டின் எல்லாம் வந்து இறங்கின. மாமா வரப்பில் நின்றுகொண்டு, "வரப்புல இருக்கறது வரப்புல இருந்துட்டுப் போவுதே சார். கடலைய அது ஒண்ணும் பண்ணலியே" என்றார்.

"ஐயா, இதுக்கெல்லாம் டிகிரி கம்மிங்க. போனா ஒண்ணும் ஆவாது" என்றார் அவர், ரோட்டில் நின்றபடியே.

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடித்தார்கள். மூன்று நாளில் வரப்பு பழுப்பாகி, ஒரு வாரத்தில் மண் தெரிந்தது. போட்டோ நன்றாக வந்திருந்தது.

அந்த ஆவணியில் மழையும் ஏமாற்றியது. சுருள்பூச்சி வழக்கமாக வருவதுதான். ஆனால் அந்த வருடம் மாமா நிலத்தில் வந்தது போல யாரும் பார்த்ததில்லை. புரட்டாசி தொடக்கத்தில் போனேன். பக்கத்து நிலங்களில் திட்டுத்திட்டாகத்தான் கருகியிருந்தது. மாமாவின் மூன்று ஏக்கரும் ஒரே நிறமாக இருந்தது. மாமா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். இரண்டு காய். அதிலும் ஒன்று பொக்கு. அத்தை வயலுக்கே வரவில்லை. வீட்டில் என்னோடு பேசவும் இல்லை, சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மாமா திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. பஸ்ஸில் போகும்போது ஒரு நாள் பார்த்தேன். காக்கிச் சட்டை தோளில் தொங்க, உள்ளே நுழைகிற காருக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று முழுக்க அவரைத்தான், அந்தப் புள்ளிக்காரரைத்தான், மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். டிகிரி கம்மி, டிகிரி கம்மி என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாயே என்று. என் ஆத்திரத்தில் எந்தக் கலப்படமும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐப்பசியில் கல்லூரி அரங்கில் விவசாயிகள் கூட்டம் வைத்தார்கள். திட்டத்தில் கூட்டம் நடத்த வேண்டும் என்று இருந்தது, அதனால் நடத்தினார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாமா லாட்ஜில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். புள்ளிக்காரர் தன் படத்தைத் திரையில் போட்டு, மழையின்மை, வெப்பம் என்று காரணங்கள் சொன்னார். முடித்ததும் மாமா எழுந்தார்.

"சார், வரப்புல அந்த மூக்குத்திப்பூ இருந்துதே, அதுல காலைல பொடிசா குளவி மொய்க்கும். எள்ளு மாதிரி இருக்கும், கறுப்பா. அது பூவுல தேன குடிச்சிட்டு, நேரா வந்து கடலை எலைச் சுருளுக்குள்ள பூந்துரும். அது பூந்த சுருள்ல புழு செத்துக் கெடக்கும். நானே பிரிச்சுப் பாத்திருக்கறேன். அது உங்க படத்துல எங்க சார் இருக்குது?"

அவர் திரையில் தேடினார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார். நெற்றி வேர்த்தது. "அது டேட்டாவுல வரலீங்க ஐயா" என்றார்.

"வரலன்னா?"

"யாரும் பாத்து எழுதலீங்க."

மாமா முன்வரிசையைப் பார்த்தார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடி பார்த்தார். பிறகு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாமல் வந்தது என் வசதிக்காகத்தான்.

நான் பார்த்தேன். அந்த ஆடியில் மாமா ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அதற்குப் போய் மாமா வீட்டில் தங்கினேன். மற்ற நாட்களில் நான் திருவண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்து வயலுக்குப் போய்ச் சேரப் பத்தரை மணி ஆகிவிடும். அன்று மட்டும்தான் காலையில் அங்கே இருந்தேன். "பாப்பா, இங்க வா, இதப் பாரு" என்று மாமா கூப்பிட்டுக் காட்டினார். மூக்குத்திப்பூவின் மஞ்சள் நடுவில் கறுப்பாக நான்கைந்து ஊர்ந்தன. ஒட்டுண்ணிக் குளவி வகை என்று பார்த்ததுமே தெரிந்தது. எந்த இனம் என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் பிடித்து, ஸ்பிரிட்டில் போட்டு, அதில் தேர்ந்த ஒருவருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். என்னிடம் வலை இல்லை, புட்டி இல்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தேன். செல்போனில் ஒரு படம் எடுத்தேன், கலங்கலாக வந்தது. பேர் இல்லாமல் எழுதினால் எப்படியும் கணினி தள்ளிவிடும். அவரிடம் போய் இதற்காக மல்லுக்கட்ட வேண்டும். யார் போய்ப் பேசுவது என்று விட்டுவிட்டேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. அவருடைய அழகான படத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. களைக்கொல்லி அடித்த அன்று மாமா என்னைப் பார்த்தது எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் அவர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். வெள்ளைப் பலகையில் படத்தை மறுபடி வரைந்திருந்தார். மூக்குத்திப்பூவுக்கும் சுருள்பூச்சிக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போட்ட வட்டம் ஒன்று.

"இப்படி ஒண்ணு இருந்தா மேடம், அதுக்கு ரெண்டே லிங்க்தான். ஆனா ரெண்டு பக்கத்தையும் இதுதான் புடிச்சிக்கிட்டு இருக்குது. இத எடுத்தா ரெண்டும் தனித்தனியா போயிரும். டிகிரி மட்டும் பாக்கக் கூடாதுன்னு நானே வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்தறேன்" என்றார்.

நடத்தினார், உண்மை. நடத்திவிட்டு வெளியே வந்து டிகிரியை மட்டும் பார்ப்பார்.

"உங்க மாமா சொல்றத நீங்க எப்பவாவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க பாத்திருந்தா எழுதியிருப்பீங்க. தப்பு என்னோட டிசைன்லதான். பத்தரைக்கு மேலதான் ஆள் போற மாதிரி பஸ் நேரத்த வச்சி பிளான் போட்டது நான்தானே."

அதை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. அந்த வாரமே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்தார். திட்டத்தின் அடுத்த தவணையை நிறுத்தினார்கள். பத்து கணினியில் ஆறு வேறு துறைக்குப் போனது. முதல்வர் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துறையில் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அதில் என் குரல்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த ஆடிப் பட்டத்துக்கு மாமா வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். விதைக்கடலையைப் பங்காளி ஒருவர் கொடுத்திருந்தார். முன் மழையில் வரப்பில் பூண்டுகள் எல்லாம் மறுபடி முளைத்திருந்தன. ஒரு நாள் மாமா போன் செய்தார்.

"உங்க காலேஜு சார் வந்துகினு கீறாரு பாப்பா. இன்னைக்கு நாலாவது நாளு. ஆறு மணிக்கெல்லாம் கார நிறுத்திட்டு, தல முகம் எல்லாம் துணியக் கட்டிக்கினு, கைக்கு ஒறை மாட்டிக்கினு, வரப்புல ஒரு ஸ்டூலப் போட்டு ஒக்காந்துடறாரு. ஒரு தும்பி வந்தாக்கூட எழுந்து ஓடறாரு. ஓடிப் போயி திரும்ப வந்து ஒக்காந்துக்கறாரு."

"எதுக்காம்?"

"எண்ணறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"மாமா, நீ எனக்குக் காட்டினியே, அத நான் எழுதல."

"தெரியும்மா. ஒங்கிட்டதான காட்டினேன்."

"அப்புறம் ஏன் அன்னைக்கிக் கூட்டத்துல சொல்லல?"

"உன்ன எப்படிம்மா நாலு பேர் எதுக்க சொல்றது" என்றார். பிறகு, ஆடு வரப்பில் ஏறுகிறது, ஓட்ட வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெயில் பட்ட கறுப்பு. கழுத்தில் ஏதோ கடித்துத் தடித்திருந்தது.

"சார், அந்தக் குளவிய நான் போன ஆடியிலயே பாத்தேன்" என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எத்தன மணி இருக்கும்?"

"ஏழு, ஏழே கால்."

"வெயில் வந்துடுச்சா?"

"அப்பதான் வந்துது."

"ஒரு பூவுல எத்தன?"

"நாலு, அஞ்சு."

"போட்டோ இருக்கா?"

"கலங்கலா ஒண்ணு இருக்குது."

"அனுப்புங்க."

அனுப்பினேன். திரையில் பெரிதாக்கி, மூக்கு முட்டுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இதேதான். நான் பாத்ததும் இதேதான்" என்றார். அவர் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. அதற்கு நான் தயாராக வரவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன், கத்தினால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் பூச்சிப் பெட்டிகள், அலமேலு, காலிக் கட்டத்தைத் தள்ளுகிற கணினி, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தேன். ஒன்றுக்கும் இடமில்லை.

"சார், நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்" என்றேன், அவருக்குப் புரியவில்லையோ என்று.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "புரிஞ்சது மேடம்" என்றார். விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மருந்து அடிச்ச தேதிக்கு இது எத்தன நாள் முன்னாடி?"

கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினேன்.

"பதினோரு நாள் சார்."

அதையும் எழுதிக்கொண்டார்.